பயனாளர் தரப்பில் மறுப்பு இல்லை

இன்டர்நெட்டுக்கு விதி எழுதுகிற கூட்டத்தில் நான் பேசிய பேச்சில் ஹாலே ஆடிப்போய்விட்டது.

பொய். ஆடியது ஹால் இல்லை, என் கால். பேசியதும் பேச்சு இல்லை, மீன் கதை. பேச வேண்டிய நேரத்தில் நான் வாயே திறக்கவில்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், நான் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட யாரையாவது கலாய்த்துக்கொண்டிருப்பேன் என்று என் பெண்டாட்டி சொல்வாள். அப்படிப்பட்டவன் மூடிய ஒரே நாள் அதுதான்.

பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். நான் போட்டில் ஏறினால் மீன் வருவதற்கு முன்னால் வாந்தி வந்துவிடும். "இவன இட்டுகினு போனா மீனுக்குத் தீனி போட்டுட்டு வர்ற மாரி தான்" என்று அப்பா என்னைக் கரையில் இறக்கிவிட்டார். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் இறக்கிவிட்டது. அதனால்தான் ஆட்டோ வாங்கினேன். அதில் மற்றவர்களை நான் இறக்கிவிடலாம்.

விஷயம் என் அக்காவைப் பற்றியது. அக்கா மீன் விற்கிறவள். அவள் வீட்டுக்காரர், என் மாமாவுக்கு முதுகெலும்பில் ஏதோ நழுவியதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அவள் கூடையால்தான். காலையில் கரையில் ஏலம் முடிந்ததும் மீனைத் தட்டில் பரப்பி போனில் ஒரு படம் எடுப்பாள். அப்புறம் வாட்ஸப் குரூப்பில் அவள் குரல் போகும்.

"கண்ணுங்களா, சங்கரா கீது, வஞ்சிரம் கீது, நெத்திலி பளபளன்னு கண்ணாடி மாரி கீது. யாருக்கு இன்னா வோணும், சீக்கிரம் சொல்லு. அப்பால வந்து அழுவாத."

மந்தைவெளி, அடையாறு, ஆழ்வார்பேட்டை என்று மாடி வீட்டுக்காரர்கள் அந்தக் குரலுக்காகவே காத்திருப்பார்கள். அவர்களும் குரலிலேயே பதில் அனுப்புவார்கள். எழுத்தில் அனுப்பினால் திட்டு விழும். "எனக்குக் கண்ணு கீது, படிப்பு தான் இல்ல. வாயத் தொறந்து சொல்லு." சுத்தம் செய்து பையில் போட்ட மீனை நான் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். கடை, போர்டு, விளம்பரம் எல்லாம் அந்த ஒரு போன் நம்பர்தான்.

ஒருநாள் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து கால் உடைந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு காசிமேட்டில் எங்கள் சின்ன அக்கா வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தாள். போனும் அவளோடு டிரங்குப் பெட்டியில் படுத்திருந்தது. ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் எழுந்து நடந்து, திரும்பி வந்து போனைத் திறந்தால் லைன் செத்துக் கிடந்தது. போன் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்த நம்பர் வேற ஆளுக்குப் போயிடுச்சும்மா."

"என் நம்பர எவன் குட்த்தான்?"

"கம்பெனி தான். ரொம்ப நாளா சும்மா இருந்தா எடுத்து அடுத்தவங்களுக்கு குடுத்துடுவாங்க."

"என் காலும் தான் சும்மா இருந்துச்சு. அத்தயும் எட்து எவனுக்காவது மாட்டி வுட்ருவீங்களா?"

கடைக்காரர் அடுத்த ஆளுக்கு ரீசார்ஜ் போடத் திரும்பிக்கொண்டார். அவருக்கு மேலே இருக்கிறவர்களிடமும் இதற்குப் பதில் இருக்காது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் எடுத்ததுமே "இங்கே மீன் கிடையாது!" என்று கத்தினார். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். புது நம்பர் என்று வாங்கியிருக்கிறார், பாவம். நானும் அக்காவும் நேரில் போனோம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"விடிஞ்சும் விடியாததுமா 'அக்கா, நண்டு இருக்கா'ங்கறா. நான் சந்தியாவந்தனம் பண்ணிண்டு இருக்கேன். எங்காத்து மாமி அந்த ஃபோனைத் தொடவே மாட்டேங்கறா."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நம்பர் தொலைந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெரியவர் நல்ல மனிதர். எங்களுக்குக் காப்பி கொடுத்தார். அன்றிலிருந்து மீன் கேட்டு வருகிற போன்களை வெட்டிவிடாமல் கேட்டு எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"மந்தவெளி, மூணாவது மாடியாம். ஏதோ ஷீலாவாம். பொண்ணா, மீனா?"

"மீன் தான் சார்."

"அந்த அம்மா, தலையை எடுத்துடச் சொன்னா. எனக்கு ஒரு நிமிஷம் தூக்கி வாரிப் போட்டுடுத்து."

ஆனால் இப்படி எத்தனை நாள் ஓடும்? போனில் கூப்பிடுகிறவர்கள் ஒரு சிலர்தான். குரூப்பும் அதில் இருந்தவர்களின் நம்பர்களும் அந்தப் பழைய நம்பரோடு போய்விட்டன. மற்றவர்கள் எல்லாம் அக்கா தொழிலை விட்டுவிட்டாள் என்று நினைத்து ஏதேதோ கம்பெனியில் மீன் வரவழைக்க ஆரம்பித்தார்கள். நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிடப் பெரியவர் தயாராகத்தான் இருந்தார். மூன்று பேரும் போன் கடைக்குப் போனோம்.

"பேர் மாத்தணும்னா ரத்த சொந்தமா இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றார் கடைக்காரர்.

பெரியவர் அக்காவைப் பார்த்தார். அக்கா பெரியவரைப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவன்னு சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

"நான் சொல்லிடுவேம்மா. அந்தக் கம்ப்யூட்டர் நம்பணுமே!"

சரி, பெரியவர் நம்பரை வேண்டாம் என்று விட்டுவிட்டால் அது அக்காவுக்கு வருமா? வராதாம். மொத்த நம்பர்களோடு கலந்து யாரோ ஒரு மூன்றாவது ஆளுக்குப் போகுமாம். வீதிக்கு வந்ததும் பெரியவர் சொன்னார்: "பழைய ஆள் வந்து கேட்டா கொடுக்கலாம்னு ஒரே ஒரு ரூல் இருந்தா போறும். அன்னிக்கே கொடுத்துடறேன்."

அந்த ரூல்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அது எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த மேடம் என் ஆட்டோவில் ஏறினார். சின்ன வயசுதான். அடையாறிலிருந்து தி.நகருக்கு சவாரி. தேனாம்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்டோம். சிக்னலில் நின்றால் நான் பேசாமல் இருக்க மாட்டேன். கால் உடைந்ததிலிருந்து சந்தியாவந்தனம் வரைக்கும் ஒப்பித்தேன். மேடம் சிரிப்பார் என்று கண்ணாடியில் பார்த்தால், அவர் செல்லை மடியில் வைத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் வேலை செய்யறதே இதுக்குத்தான்" என்றார்.

இன்டர்நெட்டில் யார் என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று அரசாங்கத்துக்கு யோசனை எழுதிக் கொடுக்கக் கம்பெனிக்காரர்கள், அதிகாரிகள், படித்தவர்கள் எல்லோரும் கூடிப் பேசுவார்களாம். அதில் சாதாரண ஜனங்கள் தரப்பில் பேச ஒரு மன்றம். மேடம் அந்த மன்றத்தில் வேலை செய்கிறார். வரப்போகிற கூட்டத்தில் இந்த நம்பர் விஷயமே வருகிறதாம்.

"போன் நம்பருக்கும் இன்டர்நெட்டுக்கும் இன்னா மேடம்?"

"இப்ப உங்க பேரு, அட்ரஸ் எல்லாமே அந்த நம்பர் தானே அண்ணா? பழைய ஓனர் வந்தா திருப்பிக் கேக்கலாம்னு ஒரு வரி நாங்க எழுதி வெச்சிருக்கோம். கம்பெனிக்காரங்க அதை எடுக்கச் சொல்றாங்க. எப்பவும் நாங்களே பேசறோம். அனுபவப்பட்ட ஒருத்தர் வந்து பேசினா கேப்பாங்க. நீங்க வாங்களேன்."

அன்றைக்கு நான் மிச்ச சவாரிக்குப் போகவில்லை. நேராகக் குப்பத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் பீரோவிலிருந்து மாமாவின் கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். "அந்த வரிய எட்க்க வுடாத. அது ஒண்ணு தான் நமக்கு. வேற எத்தயும் பேசாத" என்றாள். மயிலாப்பூர் பெரியவரும் போன் செய்தார். "பாயிண்ட்டா பேசுங்கோ. ஜோக் மட்டும் அடிக்காதேங்கோ."

கூட்டம் தி.நகரில் ஒரு பெரிய ஓட்டலின் மாடியில். நான் ஆட்டோவை உள்ளே விட்டதும் செக்யூரிட்டி ஓடி வந்து, "சவாரி எறக்கிட்டு கெளம்பு, கெளம்பு" என்றான். "சவாரியே நான் தான் நைனா" என்றேன். மேடம் கீழே வந்து கூட்டிப்போனார். கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். மற்றவர்கள் அட்டையில் பேருக்குக் கீழே அவரவர் ஆபீஸ் பேர் இருந்தது. என் பேருக்குக் கீழே 'பயனாளர்' என்று போட்டிருந்தார்கள். அத்தனை பேர் கையிலும் என்னைவிட நல்ல போன் இருந்தது. ஆனாலும் அந்த ஹாலில் பயனாளர் நான் ஒருவன்தான்.

முன்னால் ஒரு மைக். பட்டனை அழுத்தினால் சிவப்பு லைட் எரியும், அப்போது பேசலாம் என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். காதில் மாட்ட ஒரு கருவி. இங்கிலீஷ் பேச்சு அதில் தமிழில் வரும். வந்தது. ஆனால் அந்தத் தமிழ் இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருந்தது. கழற்றிவிட்டுக் கேட்டால் பாதி புரிந்தது, மாட்டினால் அதுவும் போனது.

காலையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பெரியவர் சொன்னது ஞாபகம் இருந்தது. பாயிண்ட்டாகத்தான் ஆரம்பித்தேன். சந்தியாவந்தனம், நண்டு என்று வந்ததும் ஹால் குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஷீலா மீனையும் எடுத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆனால் அக்கா சொன்னதை விட்டுவிடவில்லை. "அந்த ஒரு வரிய எட்த்துடாதீங்க. எட்த்துட்டீங்கன்னா எங்க அக்கா கத இதோட முடிஞ்சிச்சு" என்று சொல்லித்தான் முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு கோட்டுக்காரர் எழுந்து வந்து கைகுலுக்கி, மிகவும் உயிரோட்டமான அனுபவம் என்று சொல்லி என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அவர் கம்பெனிதான் அந்த வரியை எடுக்கச் சொன்ன கம்பெனி.

அதற்கப்புறம் அவர்களே பேசினார்கள். பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பது நடைமுறையில் சிக்கல், புது ஆள் பாதிக்கப்படுவார், செலவு ஆகும் என்று அந்தக் கோட்டுக்காரர் சொன்னார். எங்கள் மேடம் எழுந்து மறுத்தார். அவர் பேச்சை மணி அடித்து நிறுத்தினார்கள். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் திரையில் முடிவான யோசனையைத் தமிழிலும் போட்டார்கள். நான் வரி வரியாகப் படித்தேன். அந்த வரி இல்லை. அது இருந்த இடத்தில், நம்பரைத் தொலைக்காமல் இருக்க மக்களுக்கு விழிப்புணர்வு தர வேண்டும் என்று போட்டிருந்தது.

தலைவராக உட்கார்ந்திருந்தவர் நரைத்த முடி, மரியாதையான மனிதர். மறுப்பு ஏதாவது உண்டா என்று கேட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

இந்த இடத்தில் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு விஷயத்தைப் பொதுவில் வைத்தால், சம்மதம் என்கிறவன் வாயைத் திறந்து "செரி" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் செரி செரி என்றால்தான் அது முடிவு. கத்துகிறவனைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கத்தி ஓய்வான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் கதை கந்தல். அதைவிடப் பெரிய மறுப்பு எங்களுக்குத் தெரியாது. ஊர்த் தலைவரான நாட்டார் எழுந்து அவனிடம் வர வேண்டும். "இன்னா நைனா, மனசுல இன்னா வெச்சிகினு கீற, சொல்லு" என்று கேட்க வேண்டும். அவன் வாயிலிருந்து செரி வருகிறவரைக்கும் முடிவு கிடையாது. என் சித்தப்பா ஒருவர் இப்படி உட்கார்ந்தே ஒரு வருஷம் கோயில் திருவிழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். மைக் பட்டன் பக்கத்தில்கூட விரலைக் கொண்டுபோகவில்லை. ஹாலில் கடல் இல்லை, அதனால் ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். காலையில் பல்லைக் காட்டியவன் இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். தலைவர் என் பக்கம் ஒரு முறை பார்த்தார். நான் திரும்பவில்லை. 'இப்ப வருவாரு, வந்து கேப்பாரு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்காக வாழ்க்கையில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

தலைவர் ஏதோ சொன்னார். கைதட்டினார்கள். எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகளை ஒழுங்குபடுத்த வந்த ஓட்டல் ஆள்தான் முதலில் என்னிடம் வந்தார். "சாப்பாடு அந்தப் பக்கம் சார்" என்றார்.

வெளியே மேடம் தட்டு எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏண்ணா நீங்க எதுவும் சொல்லல? என்னோட டர்ன் முடிஞ்சு போச்சு. நீங்க மறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களால முடிச்சிருக்க முடியாது. உங்களைத்தான் பாத்துட்டே இருந்தேன்."

"நான் மறுத்துகினு தானே மேடம் குந்தியிருந்தேன்?"

"சும்மாதானே உக்காந்திருந்தீங்க?"

"கையக் கட்டிகினு இருந்தேனே! ஒரு வார்த்த பேசலியே! இதுக்கு மேல எப்டி மறுக்கறது?"

மேடம் என்னையே பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இங்க பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம் அண்ணா" என்றார். "அதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. எல்லாருக்கும் தெரியும்னு..." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் நேராகத் தலைவரிடம் போனேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழில் நன்றாகவே பேசினார்.

"சார், நான் ஒத்துக்கல சார். அந்த வரிய வைங்க."

"அடடா, அந்த ஐட்டம் முடிஞ்சிடுச்சே தம்பி. கேட்டப்ப மைக்க அழுத்தியிருக்கலாமே?"

"எங்க ஊர்ல இப்டி குந்தினா, நாட்டார் வந்து ஏன்னு கேப்பாரு சார்."

"நல்ல வழக்கம்" என்றார், நிஜமாகவே ரசித்து. "அடுத்த தடவை இதையும் நீங்க பேசணும். இதுக்குத்தான் உங்கள மாதிரி ஆளுங்க இங்க வரணும்கறது." பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் அதைச் சொன்னார். அவரும் ரசித்தார். பயனாளர் தரப்பில் மறுப்பு இல்லை என்று ஏற்கெனவே எழுதியாயிற்றாம். அதனால் யோசனைக்கு மதிப்பு கூடியிருக்கிறதாம்.

என்னைக் கூப்பிடாமலே இருந்திருந்தால் அந்த வாசகம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஆட்டோ ஓட்டுகிறவனைக் கொண்டுவந்து, அட்டை மாட்டி, கதை சொல்ல வைத்து, சிரித்து, சாப்பாடு போட்டு, அவன் கையாலேயே அவன் அக்காவின் நம்பருக்கு மண் அள்ளிப் போட்டாயிற்று. யார் மேலேயும் கோபப்படவும் முடியவில்லை. எல்லோரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள். எங்கள் குப்பமாக இருந்தால் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பேன். அங்கே பிடித்திருந்தால் அதையும் படம் எடுத்திருப்பார்கள்.

சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். பிரியாணி. வெட்கம் கெட்ட வயிறு.

அக்கா மார்க்கெட் வாசலில் காத்திருந்தாள். என்னைத் தூரத்தில் பார்த்ததும் அரிவாள்மனையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னாடா ஆச்சு?"

சொன்னேன். குப்பத்தில் பிறந்தவள், கையைக் கட்டி உட்கார்ந்தேன் என்றதும் "செரியா தான் செஞ்ச" என்றாள். மீதியையும் சொன்னேன். அவள் அரிவாள்மனை முன்னால் மறுபடி உட்கார்ந்தாள்.

"பொறந்ததுல இருந்து வாய மூடாத நாயி. உன்ன மூட வெக்க ஆத்தா பாலாடையால சாராயம் ஊத்துனா, அப்பகூட மூடல. இன்னிக்கு தான் மூடுனியா?"

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு கிழங்கான் மீனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். செதில் என் கல்யாணச் சட்டை மேல், அதாவது மாமாவின் கல்யாணச் சட்டை மேல் தெறித்தது. தள்ளி நில் என்றுகூட அவள் சொல்லவில்லை.

மயிலாப்பூர் பெரியவர் சில மாதங்களில் மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார். போகும்முன் என்னைக் கூப்பிட்டு, "வெச்சுண்டும் பிரயோஜனம் இல்லை, விட்டாலும் உங்களுக்கு வராது. என்ன பண்றதுன்னே தெரியலைப்பா" என்றார். நம்பர் அவரோடு கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அப்புறம் மூன்றாவது கைக்குப் போனது. இப்போது அந்த நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, லோன் வேண்டுமா சார் என்று கேட்கிறாள். பழைய ஆட்கள் யாராவது இன்னும் சங்கராவுக்காக அதில் கூப்பிட்டு லோன் வாங்கிவிட்டார்களோ என்னவோ.

அக்காவுக்குப் புது நம்பர் இருக்கிறது, அதை அறிந்தவர்கள்தான் இல்லை. அதனால் இப்போது கூடையை என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு அபார்ட்மெண்ட் வாசலுக்கும் போகிறோம். மாடியைப் பார்த்து அவள் குரல் கொடுப்பாள். போனில் கேட்டபோது காத்திருந்த அதே குரல்தான். வாசலில் கேட்டால் இரைச்சல் என்று செக்ரட்டரி புகார் செய்கிறார். வாட்ச்மேன்கள் கேட்டை மூடுகிறார்கள்.

போன வாரம் மேடம் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு கூட்டமாம், டெல்லியிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். "இந்தத் தடவை எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லித் தர்றேன் அண்ணா" என்றார். நான் வரவில்லை, வேண்டுமானால் அக்காவைக் கூட்டிவருகிறேன் என்றேன். "அவங்களுக்குப் பேச வருமா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அக்கா கையில் கொடுத்தேன். அக்கா போனை வாயருகே வைத்து, தொண்டையைக் கனைத்து, "இன்னாம்மா, நீ தான் அந்த" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், அந்தப் பொண்ணு பாவம்,

"டேய்! ஆட்டோக்குள்ள குந்திகினு இன்னாடா எழுதிகினு கீற? ஐஸு கரையுது. ஆழ்வார்பேட்ட வாட்ச்மேன் மாறதுக்குள்ள போவணும், இன்னிக்கு இருக்கறவன் தான் உள்ள வுடுவான். எடுறா வண்டிய!"

தோ, வந்துட்டேன்க்கா.